இளையோர் சிம்பொனிக் குழுத் தேர்வு: தோட்டப் பட்டணத்துப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வளரும் பிள்ளை பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் சிம்பொனி இசைக்கு வந்து சேர்கிறது. ஒன்று கர்நாடக வயலின் வகுப்பு. இன்னொன்று இடைநிலைப்பள்ளி பேண்டு. இரண்டுமே நல்ல அடித்தளம். ஆனால் இரண்டிலும் சில விடுபடல்கள் உண்டு. மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு போன்ற ஒரு குழுவின் தேர்வுக்குப் போகும்போதுதான் அவை வெளியே தெரிகின்றன. தேர்வாளர்கள் பார்ப்பது, பல பேர் நடுவே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு வாசிக்கத் தெரியுமா என்பதை. தயாரிப்பும் அதை நோக்கியே இருக்க வேண்டும்.

ஒரே வயலினை இரண்டு சுருதிக்கும் மாற்றுவது

கர்நாடக முறையில் தடித்த தந்தியிலிருந்து ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ. கர்நாடகச் சேர்க்கையில் நடு இரண்டு தந்திகளுக்கு இடையே இருப்பது ப-வுக்கும் மேல் ச-வுக்கும் உள்ள தூரம். மேற்கத்தியச் சேர்க்கையில் அங்கேயும் ச-ப தூரம்தான். அதனால் விரலுக்குப் பழகிய கணக்கு சரியாக நடுத்தந்தியில் தடுமாறும். வாரம் இரண்டு முறை சுருதியை ஏற்றி இறக்கினால் தந்தி அறும், தந்தியை முறுக்கும் பிருடையும் தேயும். வசதி இருந்தால் இரண்டாவது வயலின் ஒன்றை, விலை குறைந்ததாகவே இருந்தாலும், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் முறையும் மாறுகிறது. சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றும்போது இடது கை வயலினின் எடையைத் தாங்க வேண்டியதில்லை, தாராளமாக வழுக்கும். நாற்காலியில் அந்த ஊன்றுகோல் இல்லை. தோள்பட்டைத் தாங்கியும் நாடித் தாங்கியும் உடலுக்குப் பொருந்தாவிட்டால், பிள்ளை வயலினை இடது கையால் தூக்கிப் பிடிக்கும். மேல் நிலைகளுக்குக் கை நகராது. பழக்கத்தில் வரும் கமகத்தையும் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை) இங்கே நிறுத்தி வைக்க வேண்டும். பதினான்கு பேர் ஒரே வரியை வாசிக்கும்போது ஒருவரின் சிறு அசைவும் துருத்திக்கொண்டு கேட்கும். தாளப் பயிற்சியை மட்டும் கைவிடாதீர்கள். சொற்கட்டு சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இருபது பார் (தாளச் சுற்று) ஓய்வை எண்ணுவது எளிது. பாரின் முதல் அடியில் பார் எண்ணைச் சொல்லி, ‘ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு’ என்று எண்ணினால் போதும்.

பேண்டில் கற்றதே போதும் என்று நினைப்பது

பேண்டு பி ஃபிளாட்டில் சுருதி சேர்க்கும். சிம்பொனியில் ஓபோ வாத்தியம் ‘ஏ’ கொடுக்கும். பி ஃபிளாட் டிரம்பெட்டின் தாளில் ஸ்வரங்கள் ஒலிப்பதைவிட ஒரு படி மேலே எழுதப்படும்; அதனால் அந்த ஸ்வரத்துக்கு எழுத்தில் ‘பி’, இரண்டாம் வால்வு. இதைவிடப் பெரிய சிக்கல் ஸ்கேல்களில் (ஸ்வர வரிசைகளில்) இருக்கிறது. தந்தி வாத்தியங்களுக்கு வசதியான டி மேஜரும் ஏ மேஜரும், பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் நான்கு ஷார்ப் (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறி), ஐந்து ஷார்ப் ஆகிவிடும். பேண்டுப் பாடல்களில் ஃபிளாட்டே (அரைப்படி இறக்கும் குறி) அதிகம் என்பதால் இந்த விரல்கள் பழகியிருக்காது. தினமும் இரண்டு ஷார்ப் ஸ்கேல்கள் வாசிக்கட்டும்.

அணிவகுப்பில் மெலோஃபோன் வாசித்த பிள்ளை, ஃபிரெஞ்சு ஹார்னும் அதேதான் என்று நினைத்துவிடக் கூடாது. மெலோஃபோனில் வால்வு வலது கைக்கு. ஹார்னில் இடது கைக்கு, வலது கை வாத்தியத்தின் மணி போன்ற வாய்க்குள் இருக்கும். ஹார்னின் குழாய் ஏறக்குறைய இரு மடங்கு நீளம். மேல் ஸ்வரங்கள் நெருங்கி இருப்பதால் உதடு கொஞ்சம் பிசகினாலும் பக்கத்து ஸ்வரம் வெடிக்கும். தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பே மாறிவிடுங்கள். யூஃபோனியமும் சாக்ஸபோனும் சிம்பொனியில் அபூர்வம். அவற்றை வாசிப்பவர்கள் தேர்வு அறிவிப்பில் தங்கள் வாத்தியத்துக்கு இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

சான்றிதழை நம்பி, தனிப்பாடலில் மட்டும் உழைப்பது

கிரேடு 8 முடித்த பிள்ளையும் முன்பார்க்காத இசைத்தாளை வாசிக்கச் சொன்னால் திணறலாம். பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் ‘பெர்ஃபார்மன்ஸ் கிரேடு’ தேர்வில் நான்கு பாடல்கள் மட்டுமே. பார்த்து வாசிப்பதும் ஸ்கேலும் அதில் இல்லை. குழுவில் பார்த்து வாசிப்பதுதான் அன்றாட வேலை. தினமும் பத்து நிமிடம், புதிய தாள் ஒன்று. முதலில் ஷார்ப்-ஃபிளாட் எத்தனை, தாளம் என்ன, மிக வேகமான ஸ்வரம் எந்த பாரில் என்று பார்க்கட்டும். அந்த இடத்துக்கு ஏற்ற வேகத்தில் தொடங்கி, தப்பினாலும் நிற்காமல் போகட்டும். நின்று திருத்தும் பழக்கம்தான் மிகவும் கெடுதல். குழு யாருக்காகவும் நிற்காது.

தேர்வுக்குக் கேட்கும் குழுப் பகுதிகளை (பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, மோட்சார்ட்டின் 39ஆம் சிம்பொனி போன்றவை) வெறும் வரியாகப் படிப்பது இன்னொரு தவறு. முழுப் பதிவையும் கேளுங்கள். அந்த இடத்தில் முக்கிய மெட்டு வேறொரு வாத்தியத்திடம் இருந்தால் உங்கள் வரி பின்னால் நிற்க வேண்டும். பழைய படைப்புகளின் தாள்கள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசம். தனிப்பாடலுக்குக் கையில் நன்றாகப் படிந்ததையே எடுங்கள். எட்டாத பாடலில் சுருதி தவறுவது, எளிய பாடல் என்பதைவிட அதிகம் உறுத்தும்.

வெயிலும் குளிரூட்டியும்

ஈரக்காற்றில் பிருடை உப்பி இறுகும். குளிரூட்டிய மண்டபத்தில் சுருங்கி நழுவும், நான்கு தந்தியும் ஒன்றாகத் தளரும். அதனால் தேர்வு நாளில் குறைந்தது அரை மணி நேரம் முன்பே வாத்தியம் அந்தக் குளிருக்குள் இருக்கட்டும். பிருடையைத் திருப்பும்போது உள்நோக்கி அழுத்துங்கள். சுருதி ஏற்ற ஏற்ற, தந்திகளைத் தாங்கும் குதிரை (பிரிட்ஜ்) விரற்பலகைப் பக்கம் சாயும். அடிக்கடி பார்த்து நிமிர்த்தாவிட்டால் விழுந்துவிடும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் கழற்றினால் உள்ளே நிற்கும் சிறு தூண் சாய்ந்துவிடும். ஒட்டு விட்டுப்போன இடத்தில் சூப்பர் குளூ மட்டும் வேண்டாம். வயலினுக்குரிய பசை, பின்னால் திறந்து பழுது பார்க்கும்படியானது. அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் வாத்தியத்தை விடக் கூடாது என்று சொல்லவே வேண்டாம்.

பயணமும் சேர்ந்த பிறகும்

சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் போய், கிளானா ஜெயா தடத்தில் கேஎல்சிசி நிலையத்தில் இறங்கினால் இரட்டைக் கோபுரத்தின் அடியிலேயே டேவான் பில்ஹார்மோனிக் இசை அரங்கம். தேர்வு காலையில் என்றால் முந்தின நாளே போய்விடுவது நல்லது. பயணக் களைப்பு முதலில் உதட்டிலும் வில்லிலும்தான் தெரியும்.

பயிற்சிக்குப் பேனா கொண்டுபோகாதீர்கள்; 2பி பென்சில் போதும். வில் மேலா கீழா என்ற குறி ஒரே அமர்வில் மூன்று முறை மாறலாம். ஒரு இசைத்தாள் தாங்கியை இருவர் பகிரும்போது உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்புவார், வெளிப்பக்கம் (பார்வையாளர் பக்கம்) இருப்பவர் வாசிப்பை நிறுத்தக் கூடாது. வரி இரண்டாகப் பிரிந்தால் பொதுவாக மேல் வரி வெளிப்பக்கத்தவருக்கு. கட்டணம், தங்குமிடம், பெரிய வாத்தியங்களை இரவல் தருவது, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதும் ஆண்டில் விடுப்பு ஆகியவற்றைப் பெற்றோர் விண்ணப்பத்துக்கு முன்பே கடிதம் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.