நுவரெலியாவுக்கு கோல்ஃப் ஆடப் போகிறீர்களா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குத் திருச்சி – கொழும்பு விமானமே வசதி. கோல்ஃப் பையை முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். துணி உறையில் போட்டால் முதலில் உடைவது டிரைவர் எனும் நீளமான மட்டையின் கழுத்துதான். பை தலைகீழாக விழும்போது மொத்த எடையும் அதன் மேல் இறங்கும். தலை கழற்றும் வகையென்றால் கழற்றி, காலுறைக்குள் சுற்றி வையுங்கள். இல்லையென்றால் டிரைவரைவிட இரண்டு அங்குலம் நீளமான துடைப்பக் கம்பு ஒன்றை நடுவில் செருகுங்கள், அடியை அது வாங்கிக்கொள்ளும். தூரம் அளக்கும் கருவியின் லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். ஆட்டத்தில் 14 மட்டைக்கு மேல் கூடாது.

நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே. காற்று மெல்லிது, பந்து கூடுதலாகப் பறக்கும். அதிகாலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். பை தூக்கி வரும் உதவியாளர் (கேடி) சொல்வதைக் கேளுங்கள்.

கார் நீங்களே ஓட்டுவதாக இருந்தால், நம்மூர் சர்வதேச உரிமம் மட்டும் போதாது, அங்கே உள்ளூர் அனுமதியும் வாங்க வேண்டும். இடப்பக்கம்தான், பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கும். ஆனால் பாதசாரிக் கோட்டில் ஆள் கால் வைத்தால் நிறுத்தியாக வேண்டும், நம்மாட்களுக்கு இது பழகாது. பியானோ மெட்டுப் பாடிக்கொண்டு ஆட்டோ வந்தால் அது பாண் (ரொட்டி) விற்கிற வண்டி. திடீரென்று நிற்கும், இடைவெளி விடுங்கள். வெசாக் என்ற புத்தர் திருவிழாச் சமயத்தில் கொடி காட்டி வண்டியை மறித்தால் பயம் வேண்டாம், தைப்பூசப் பாதயாத்திரை அன்னதானம் போல இலவசச் சாப்பாடு. பௌர்ணமி தினங்களில் மதுக்கடை கிடையாது.