ஃபேர்டிரேட் வைன் வாங்குமுன் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

லண்டனில் எங்கள் கடைத் தட்டில் ஃபேர்டிரேட் வைன், அதாவது விளைவிப்பவர்களுக்கு நியாயம் கிடைக்கச் சான்றளித்த வைன், எப்போதும் இருக்கும். "இந்தக் காசு தோட்டக்காரனுக்குத்தான் போகிறதா?" என்று கேட்பவர்களிடம் போத்தலைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் முத்திரையைத் தேடுங்கள். கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையுமாக, கை உயர்த்திய ஆளைப் போன்ற உருவம் அது. 'நேர்மையான', 'பொறுப்புள்ள' போன்ற விளம்பரச் சொற்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். முத்திரைக்குத் தணிக்கை உண்டு.

அடுத்து, தயாரித்தவர் பெயர். ஃபேர்டிரேட் வைன் அதிகம் வருவது தென்னாப்பிரிக்காவிலிருந்து. அங்கே பெரும்பாலும் கூலியாட்களை வைத்து நடத்தும் பெருந்தோட்டங்கள். கூலியின் ஒரு பகுதியை வைனாகவே ஊற்றிக் கொடுத்த பழைய கொடுமையை நினைத்தால், ஃபேர்டிரேட் வழியாக வரும் கூடுதல் பணம் தொழிலாளர் குழுவின் கையில் சேர்வது பெரிய மாற்றம்தான். ஆனால் சிறு விவசாயிக்கு உதவ விரும்பினால் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரைத் தேடுங்கள்.

நான் கைகாட்டுவது அர்ஜென்டினாவின் லா ரியோஹானா. ஆண்டிஸ் மலையடிவாரத்து வறண்ட ஃபமாத்தினா பள்ளத்தாக்கில், சிலேசித்தோ ஊரை மையமாகக் கொண்ட சங்கம். உறுப்பினர்களில் பெரும்பாலானோர் சில ஏக்கர் மட்டும் வைத்திருப்பவர்கள். கொடியைப் பந்தலில் படரவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். யாழ்ப்பாணத்து முந்திரிகை (திராட்சை)த் தோட்டம் பார்த்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

2006இல் ஃபேர்டிரேட் சான்று பெற்ற இந்தச் சங்கத்துக்குப் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று ஆதார விலை: சந்தை சரிந்தாலும் ஃபேர்டிரேட் கணக்கில் வாங்குபவர் அதற்குக் கீழே போக முடியாது, சந்தை விலை கூடினால் கூடிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். மற்றது பிரீமியம்: விலைக்கு மேல் தனியாகக் கட்டும் தொகை. அதை எதற்குச் செலவிடுவது என்று சங்கத்தார் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். திலிமுக்கி கிராமத்தில் முதலில் குடிநீருக்கு வழி செய்தார்கள். பிறகு 2010இல் விவசாயம் கற்பிக்கும் இடைநிலைப் பள்ளி திறந்தது. தண்ணீரை முதலில் கேட்டதே அவர்கள் தேவையறிந்தவர்கள் என்பதற்குச் சாட்சி; வெளியூர்த் தருமவான்கள் என்றால் பெயர்ப்பலகையோடு கட்டடத்தைத்தான் முதலில் எழுப்பியிருப்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். சங்கம் சான்று பெற்றிருந்தாலும், ஃபேர்டிரேட் கணக்கில் விற்ற அளவுக்குத்தான் பிரீமியம் கிடைக்கும். மீதி அறுவடை சாதாரண விலைக்கே போகிறது. அதனால் அதே சங்கத்தின் போத்தலாக இருந்தாலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரே பொருளை இரண்டு மூன்று பேர் கேட்டால் அடுத்த ஓடரில் எழுதிவிடுவோம். எங்கள் தொழில் அப்படித்தான் நடக்கிறது.

எதில் தொடங்குவது என்றால், தொரோந்தெஸ் வெள்ளை வைன். மல்லிகை போல மணக்கும், ஆனால் இனிக்காது. நன்றாகக் குளிரவைத்து, மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்த மீனோடு குடித்துப் பாருங்கள்.