பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு நமக்கா?

"12 வருஷம் காலி பண்ணாம இருந்துட்டா வீடு நமக்குத்தான்." கிருஷ்ணகிரியில் டீக்கடையில் தொடங்கி தாலுகா ஆபீஸ் வாசல் வரை இதைச் சொல்லாத ஆள் இல்லை. வாடகைக்காரர் இதை நம்பித் தெம்பாக இருக்கிறார். ஓனரும் இதையே நம்பிப் பயந்துபோய், 11 மாதத்துக்கு ஒருமுறை காலி செய்யச் சொல்கிறார். இரண்டு பேரும் ஏமாறுகிறார்கள். அந்த 12 வருடக் கணக்கு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவர் உரிமையை மறுத்து, ஊரறிய அனுபவித்து வருபவருக்கு மட்டும்தான். வாடகை கொடுப்பவர் ஓனரின் சம்மதத்தில் இருப்பவர். 40 வருடம் ஆனாலும் வாடகைக்காரர்தான்.

ஓனர் பக்கத்துத் தவறு வேறு மாதிரி. "என் வீடு, நான் பூட்டுவேன்" என்று ஃபியூஸைப் பிடுங்குவது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது. வீடு அவருடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் குடியிருப்பவரை வெளியேற்ற உத்தரவு வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கரண்ட், தண்ணீரை நிறுத்துவதை வெளிப்படையாகத் தடுக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் புகார் தரலாம். அதே சட்டம் எழுத்து ஒப்பந்தமும் கேட்கிறது. ஒப்பந்தம் போடாததையே காரணமாக்கிக் காலி செய்யச் சொல்லி ஓனர் மனு போட முடியும் என்பது பலருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

ஓசூரில் இன்னொன்று: மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து "லீசுக்கு" வீடு எடுப்பது. ஓனர் அதே வீட்டை ஏற்கெனவே வங்கியில் அடமானம் வைத்திருந்தால், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய வாசகம் வங்கியைத் தடுக்காது. வில்லங்கச் சான்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

புறம்போக்குக்கு வருவோம். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு மூன்றும் இருக்கிறது, ஆகவே நிலம் நமக்கு என்று நினைப்பதுதான் தர்மபுரி கிராமங்களில் அதிகம் கேட்கும் தவறு. அவை நீங்கள் அங்கே வசிப்பதைக் காட்டும், நிலம் உங்களுடையது என்று காட்டாது. அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆட்சேபணையற்ற, அதாவது பொதுப் பயன்பாட்டுக்குத் தேவைப்படாத, புறம்போக்கில் பட்டா கேட்கும்போது உதவும். ஏரி, ஓடை என்றால் கதை வேறு. பி மெமோ (ஆக்கிரமிப்புக்கு வருவாய்த்துறை தரும் நோட்டீஸ்) வந்தால் கிழித்துப் போடாமல் பதில் எழுதுங்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது உண்மை. ஆனால் சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு அது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 1985 ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பையும் இப்படித்தான் பாதி படிக்கிறார்கள். பிழைப்பு வாழ்வுரிமையில் அடங்கும் என்ற நீதிபதிகள், மும்பை நடைபாதைவாசிகளை அங்கேயே இருக்க விடவில்லை. மழைக்காலம் கழியும்வரை அவகாசம் தந்தார்கள்.

சரி, இலவச மனைப் பட்டாவுக்காக உங்கள் நிலத்தை எடுக்க நோட்டீஸ் வருகிறது. "சொத்து அடிப்படை உரிமை, தரமாட்டேன்" என்று எழுதினால் நிற்காது. 1978-இல் வந்த 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தலித் மக்களின் வீட்டுமனைக்காக நிலம் எடுத்ததை எதிர்த்த சமேலி சிங் வழக்கில், இருப்பிடமும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக அரசு எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று கைகட்டி நிற்பதும் தவறு. சட்டப்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 300ஏ பிரிவு இன்னும் இருக்கிறது: நோட்டீஸ், விசாரணை, காரணம் சொன்ன உத்தரவு, நியாயமான இழப்பீடு எல்லாம் வேண்டும். தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் வளம் ஆகிவிடாது என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வும் 2024-இல் சொன்னது.

எனவே ஆட்சேபணையில் கோபத்தை எழுதாதீர்கள். வேறு நிலம் இல்லாத சிறு விவசாயி என்றால் அதை எழுதுங்கள். பக்கத்தில் காலியாகக் கிடக்கும் அரசு நிலத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிடுங்கள். மனுவோடு சிட்டாவையும் புல வரைபடத்தையும் இணைக்க மறந்து, விசாரணை அன்று காலையில் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.