மின்சாரம் போவதற்கு முந்தைய நாட்கள்: ப்ராஜெக்ட் சோம்பாய்டு விளையாட்டில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

ப்ராஜெக்ட் சோம்பாய்டு, தி இண்டி ஸ்டோன் என்ற சிறு நிறுவனம் உருவாக்கிய கணினி விளையாட்டு. ஜாம்பிகள், அதாவது இறந்த பிறகும் எழுந்து நடமாடி மனிதர்களைக் கடிக்கும் பிணங்கள், நிறைந்த ஊரில் பிழைத்திருப்பதுதான் இதில் வேலை. 2013 நவம்பரில் முழுமை பெறாத நிலையிலேயே, விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் விற்பனைக்கு வந்து, இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கிறது. கதை நடக்கும் இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். தொடங்கும் நாள் 1993 ஜூலை 9. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட்ட ஆண்டுகளில் நம் பக்கத்து வயல்களில் குறுவை நடவு நடந்துகொண்டிருக்கும் நாட்கள் அவை. இந்த விளையாட்டில் வெற்றி என்று ஒரு முடிவு கிடையாது. எத்தனை நாள் உயிரோடு இருந்தீர்கள் என்பது மட்டுமே கணக்கு. கீழே நான் சொல்பவை யாவும் 2021 டிசம்பரில் வந்த பில்டு 41 என்ற பதிப்பில், ‘அபோகலிப்ஸ்’ என்ற இயல்பான அமைப்பில் விளையாடுகிறவர்களுக்கானவை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நான் திருத்துறைப்பூண்டிக்கு அருகில் எங்கள் கிராமத்து வீட்டில் இருந்தேன். முந்தைய நாள் மாலையில், வானம் இன்னும் அமைதியாக இருந்தபோதே, “கரண்ட் இருக்கறப்பவே தண்ணியப் புடிச்சு வைங்கடா” என்று அப்பாயி எங்களை விரட்டி, அண்டா, குடம், சோறு வடிக்கும் பானை வரை எல்லாவற்றையும் நிரப்பச் செய்தார். புயலுக்குப் பிறகு பல வாரங்கள் மின்சாரம் இல்லாமல் இருந்த எங்கள் தெருவில், முதல் சில நாட்களை அந்தத் தண்ணீரை வைத்துத்தான் கடத்தினோம். சில ஆண்டுகள் கழித்து இந்த விளையாட்டைத் தொடங்கியபோது, அதன் முதல் வாரம் அந்த மாலையைப் போன்றதுதான் என்பது எனக்குப் புரியப் பல தோல்விகள் தேவைப்பட்டன. அங்கே குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், குளிர்சாதனப் பெட்டி ஓடும். ஆனால் தொடக்கத்திலிருந்து 30 நாட்களுக்குள் ஏதோ ஒரு நாளில், எந்த அறிவிப்பும் இல்லாமல், தண்ணீரும் மின்சாரமும் தனித்தனியே நின்றுபோகும். அந்த நாள் வருவதற்குள் என்ன செய்து வைத்தீர்கள் என்பதுதான் பிறகு நீங்கள் எத்தனை நாள் பிழைப்பீர்கள் என்பதை முடிவு செய்கிறது.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மல்ட்ரா, வெஸ்ட் பாயிண்ட், ரிவர்சைடு, ரோஸ்வுட் என்ற நான்கு ஊர்களில், புதியவர்கள் ரோஸ்வுட்டையோ ரிவர்சைடையோ எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே ஜாம்பிகளின் எண்ணிக்கை ஒப்பீட்டளவில் குறைவு. மல்ட்ரா, டெல்டாவின் சாலையோர ஊர்களைப் போல நெடுஞ்சாலையின் இருபுறமும் நீண்டு கிடப்பதால், ஒரு முனையில் எழும் சத்தம் சாலை வழியே கூட்டத்தை இழுத்துவந்துவிடும். வெஸ்ட் பாயிண்ட் ஆற்றங்கரை ஊர், அழகானது. ஆனால் அதன் கடைத்தெரு புதியவர்களுக்கு ஆகாது. உங்கள் கதாபாத்திரத்தின் தொழிலாக ஃபயர் ஆபீசரை, அதாவது தீயணைப்பு வீரரைத் தேர்ந்தெடுத்தால் உடல் வலிமையும் கோடரித் திறனும் சற்று உயர்ந்த நிலையில் கிடைக்கும். மற்ற குணங்களைப் பற்றி இப்போது அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

விளையாட்டு ஒரு வீட்டுக்குள் தொடங்கும். உடனே கதவைத் திறந்து வெளியே போகாதீர்கள். சி விசையை அழுத்திக் குனிந்து நடந்து, தெருவைப் பார்க்கும் ஒவ்வொரு சன்னலின் திரையையும் மூடுங்கள். திரை இல்லாத சன்னலுக்குப் படுக்கை விரிப்பை மாட்டலாம். வெளியே நிற்கும் ஜாம்பி உங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டால், அது சன்னலை அடிக்கத் தொடங்கும். அந்த அடி அடுத்ததை அழைக்கும். திரைகளை மூடிய பிறகு சமையலறைக்குச் சென்று அலமாரிகளைத் திறந்து பாருங்கள். வாணலி, சுத்தியல், பேஸ்பால் மட்டை ஆகியவற்றில் எது கிடைத்தாலும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகில் மாட்டும் பை கிடைத்தால் அதுவே அன்றைய பெரிய லாபம், ஏனெனில் பைக்குள் வைத்த பொருளின் எடையில் ஒரு பகுதிதான் உங்கள் மீது ஏறும். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இறைச்சியையும் காய்களையும் முதலில் உண்டு தீர்த்துவிட்டு, டின்னில் அடைத்த உணவைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

ஜாம்பிகளை உங்களிடம் கொண்டுவருவது பெரும்பாலும் சத்தம்தான் என்பதைப் புதியவர்கள் நம்பத் தயங்குகிறார்கள். மன்னார்குடியில் இருக்கும் என் சித்தப்பா மகன் முதல் நாளிலேயே ஒரு காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கியை எடுத்துவந்து, வாசலில் நின்ற இரண்டு ஜாம்பிகளைச் சுட்டான். அவை விழுந்துவிட்டன. “பார்த்தியாண்ணே, ரெண்டே குண்டு” என்று அவன் தொலைபேசியில் சொல்லி முடிப்பதற்குள், திரையின் மேல் மூலையில் முதலில் மூன்று உருவங்கள், பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவு வரத் தொடங்கின. துப்பாக்கியின் ஓசை பல தெருக்களுக்கு அப்பாலும் கேட்கும். காரின் இன்ஜினும், உடைக்கப்படும் சன்னலும், ஓடும் காலடியும் அவற்றுக்கேற்ற தொலைவு வரை கேட்கும். ஆகவே முதல் வாரத்தில் துப்பாக்கியைப் பையிலேயே வைத்திருங்கள். அவசியம் ஏற்பட்டால் இதையே உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளவும் முடியும்: க்யூ விசையை அழுத்தினால் உங்கள் கதாபாத்திரம் குரல் கொடுக்கும், ஒரு வீட்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் குரல் கொடுத்து ஒரு பக்கமாக இழுத்துவிட்டு, மரங்களுக்குள் நுழைந்து, வேறு வழியாக அந்த வீட்டுக்கே திரும்பலாம்.

சண்டையைப் பொறுத்தவரை ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டால் போதும், அது பின்வாங்கி அடிப்பது. சுட்டியின் வலது பொத்தானைப் பிடித்துக் குறிவைத்தபடி பின்னால் நடந்து, ஜாம்பி கைக்கெட்டும் தொலைவுக்கு வரும் கணத்தில் அடித்துவிட்டு, மீண்டும் இரண்டடி பின்னால் போக வேண்டும். மிக அருகில் வந்துவிட்டால் ஸ்பேஸ் விசையால் தள்ளிவிடுங்கள். கீழே விழுந்ததும் தலையில் அடியுங்கள், அல்லது காலணி அணிந்திருந்தால் மிதியுங்கள். அபோகலிப்ஸ் அமைப்பில் ஒரு வீச்சில் ஒரு ஜாம்பிதான் அடிபடும் என்பதால், மூன்று பேர் சேர்ந்து வந்தால் புதியவர்கள் விலகிப் போவதே சரி. இடுப்பளவு வேலி ஒன்று அருகில் இருந்தால் நிலைமை மாறும்: நீங்கள் தாண்டி அந்தப் பக்கம் நின்றுகொண்டால், பின்தொடரும் ஜாம்பிகள் தாண்ட முயன்று ஒவ்வொன்றாகக் குப்புற விழும், எழுவதற்குள் அடித்துவிடலாம். திரையின் வலது பக்கத்தில் மூச்சு வாங்கும் குறி தோன்றியதும் சண்டையை நிறுத்திவிடுங்கள். களைத்த கையால் அடிக்கும் அடியின் வலு வெகுவாகக் குறைந்துவிடும். என் பாத்திரங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்தது, இன்னும் ஒன்றுதானே என்று அந்தக் குறியைப் பொருட்படுத்தாமல் நின்ற இடத்தில்தான்.

ஜாம்பியால் வரும் காயங்கள் மூன்று வகை. கீறலால், உங்களையும் ஜாம்பியாக்கும் தொற்று ஏற்பட 7 சதவீத வாய்ப்பு, தோல் கிழிந்தால் 25 சதவீதம், கடித்துவிட்டால் அநேகமாக நிச்சயம். அதனால் கோடைகாலமாக இருந்தாலும் நீண்ட கால்சட்டையும், கிடைத்தால் தோல் மேற்சட்டையும் அணிவது பயன் தரும். உடைந்த சன்னல் வழியாக ஏறுவதற்கு முன் கண்ணாடித் துண்டுகளை அகற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் கை கிழிந்து இரத்தம் போகும்.

இனி தண்ணீர். கையில் கிடைக்கும் ஒவ்வொரு பாட்டிலையும், பானையையும், கெட்டிலையும், வாளியையும் முதல் நாளிலேயே நிரப்பி ஓரிடத்தில் அடுக்கி வையுங்கள். வெறும் பாட்டிலைக் குப்பை என்று எறிந்துவிட்டுப் போகிறவர்கள் மூன்றாம் வாரத்தில் அதே பாட்டிலைத் தேடி வீடு வீடாக அலைகிறார்கள். நீண்டகாலத்துக்கு மழைநீர்ப் பீப்பாய்தான் வழி. தச்சுத் திறன் 4-ஆம் நிலையை எட்டியதும், நான்கு பலகை, நான்கு ஆணி, நான்கு குப்பைப் பை இருந்தால் ஒரு பீப்பாய் செய்யலாம். அதில் சேரும் நீரைக் காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும். தச்சுத் திறனை எளிதாக உயர்த்தத் தொலைக்காட்சி உதவும்: லைஃப் அண்ட் லிவிங் என்ற அலைவரிசையில் முதல் வாரம் முழுவதும் காலை 6, நண்பகல் 12, மாலை 6 மணிக்கு வரும் நிகழ்ச்சிகள் சமையல், தச்சு முதலிய திறன்களைக் கற்றுத்தருகின்றன. மின்சாரம் போய்விட்டால் அதுவும் போய்விடும். ஆகவே அந்த நேரங்களில் வெளியே திரியாமல் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் இருப்பது வீண் பொழுது ஆகாது.

ஜெனரேட்டரை இயக்க, அதற்கான இதழைப் படித்திருக்க வேண்டும், அல்லது எலக்ட்ரீஷியன் தொழிலைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். கஜாவுக்குப் பிறகு வாடகைக்கு வந்த ஜெனரேட்டரை எங்கள் தெருவில் திண்ணைக்கும் தள்ளி மரத்தடியில் வைத்து ஓட்டினார்கள். விளையாட்டிலும் அப்படியே செய்யுங்கள். வீட்டுக்குள் வைத்து ஓட்டினால் புகை உங்களைக் கொன்றுவிடும்.

ஆறாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையில் ஒரு ஹெலிகாப்டர் வரும். மீட்க வருகிறது என்று எண்ணித் தெருவுக்கு ஓடுவது இயல்புதான்; ஆனால் அது யாரையும் ஏற்றிக்கொள்வதில்லை. நீங்கள் இருக்கும் இடத்தின் மேல் சுற்றிச்சுற்றி, ஊரில் உள்ள ஜாம்பிகளை எல்லாம் அங்கே திரட்டிவிடும். அந்த நாட்களில் உணவும் நீரும் பக்கத்தில் இருக்க, பின்வாசல் உள்ள வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் கடிபடுவீர்கள். இந்த அமைப்பில் அதற்கு மருந்து இல்லை. குமட்டலும் காய்ச்சலும் ஏறி, இரண்டு மூன்று நாட்களில் பாத்திரம் இறந்து ஜாம்பியாக எழும். ஆனால் அதே உலகத்தில் புதிய பாத்திரத்தைத் தொடங்க விளையாட்டு அனுமதிக்கிறது, முந்தையவர் சேர்த்ததெல்லாம் அங்கேயே இருக்கும். ஆகவே காய்ச்சல் ஏறும் முன் உங்கள் வீட்டுக்குத் திரும்பி, ஆயுதங்களையும் பையையும் கழற்றி அலமாரியில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, தெருவின் மறுகோடிக்கு நடந்துபோய் இறந்துவிடுங்கள். வீட்டுக்குள்ளேயே இறந்தால், உங்கள் அடுத்த பாத்திரம் அந்தக் கதவைத் திறக்கும்போது உள்ளே நின்றுகொண்டிருப்பது நீங்களாகத்தான் இருக்கும்.