மாலை ஆறு மணி வெறி

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு நான்கு மாதம். மாலை ஆறு மணியானால் போதும், கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். வேட்டி நுனியைக் கவ்வும், தடுத்தால் கையைக் கடிக்கும். "நன்றாக ஓட விடுங்கள், அடங்கிவிடும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. ஓட விட்டால் வெறிதான் கூடியது.

உண்மையில் அதற்குத் தூக்கம் போதவில்லை. இந்த வயதில் நாளுக்கு ஏறத்தாழ 18 மணி நேரம் தூங்க வேண்டும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தபின் எங்கள் வீட்டில் அது எங்கே நடக்கும்? மதியமும் மாலையும் மின்விசிறிக்குக் கீழே, தடுப்பு வைத்த மூலையில் படுக்க வைத்தேன். மெல்லுவதற்கு, நனைத்து முறுக்கி உறையவைத்த துணி. பால்பல் விழும் பருவம், ஈறுக்கு இதம். கிழித்து விழுங்கிவிடாமல் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கடித்தால் கத்துவதில்லை, பேசாமல் எழுந்து தடுப்புக்கு வெளியே போய்விடுவேன். நான்கு கால்களும் தரையில் இருந்தால்தான் சோற்றுக் கிண்ணம் கீழே இறங்கும். முதலில் எரிச்சலில் குரைத்துத் தீர்த்தது, நான் கண்டுகொள்ளவில்லை. சில வாரங்களில் கிண்ணத்தைப் பார்த்ததும் தானே உட்கார்ந்தது.

விருந்தினர் வந்தால் மட்டும் இன்னும் தாவுகிறது. அப்போது கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டிவிடுகிறேன். அது அமரும்வரை யாரும் தடவிக் கொடுக்கக் கூடாது. மாமாவுக்கும் இதுதான் விதி.