யாழ்ப்பாணத்தில் முதல் மாதம்: அந்நியம் தட்டினால் என்ன செய்வது

புது ஊரில் தொடக்கத்தில் எல்லாம் வடிவாகத்தான் தெரியும். எரிச்சலும் நித்திரைக் குழப்பமும் பிறகுதான் வரும். மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க் 1960இல் இதை மயக்கம், நெருக்கடி, தேறுதல், பழகுதல் என நான்கு கட்டமாக விளக்கினார்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களை முதலில் இடறுவது தமிழேதான். இங்கே 'பேசினார்' என்றால் திட்டினார் என்று பொருள். "நேற்று உங்கட அம்மாவோட பேசினேன்" என்றால் கேட்பவரின் முகம் சுருங்கும்; 'கதைச்சனான்' என்று சொல்லுங்கள். ஆமாம் என்பதற்கு 'ஓம்'. மூத்தவர்களுக்கு எப்போதும் 'நீங்கள்'. 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் இடைப்பட்ட 'நீர்' என்ற விளியை நன்கு பழகும்வரை தொடவேண்டாம். கேட்ட புதுச்சொற்களை இரவில் கொப்பியில் எழுதி, மறுநாள் இரண்டையாவது கடையில் பாவியுங்கள். இதைவிட வேகமான மருந்து இல்லை.

"எங்க போறியள்? எந்த ஊர்?" என்று வழியில் கேட்பார்கள். அது உளவல்ல, உறவு தேடல். ஒரு வரிப் பதில் போதும்.

சுண்ணக்கல் நிலமாதலால் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது: சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளை படியும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். கிருமி சாகும், உவர்ப்பு போகாது.

நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும். வேட்டி கட்டிப் போவது நல்லது.

மனம் கனக்கும் நாளில் அறைக்குள் கிடக்காதீர்கள். பின்னேரம் ஒரே தேத்தண்ணிக் கடைக்கே போங்கள். சில நாளில் கடைக்காரர் கேட்காமலே ஊற்றித் தருவார்.