எல்எஸ்பியின் மிச்சங்கள்: லினக்ஸில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

உபுண்டுவிலோ டெபியனிலோ எல்எஸ்பி_ரிலீஸ் கட்டளையை ஓட்டினால் ‘நோ எல்எஸ்பி மாட்யூல்ஸ் ஆர் அவைலபிள்’ என்று ஒரு வரி எட்டிப் பார்க்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து கண்ட பேக்கேஜையெல்லாம் நிறுவிவிடாதீர்கள். அது பிழையே இல்லை. லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸ், அதாவது எல்எஸ்பி என்ற தரத்தின் பாகங்கள் இந்தக் கணினியில் இல்லை என்ற தகவல், அவ்வளவுதான். இன்று பெரும்பாலான கணினிகளில் அவை இருக்காது.

1998இல் பேச்சாகத் தொடங்கி 2001 ஜூனில் 1.0 ஆக வெளிவந்த தரம் இது. ரெட்ஹாட், சூசே, டெபியன் என லினக்ஸ் தொகுப்புகள் (இவைதான் டிஸ்ட்ரோக்கள்) ஆளுக்கொரு விதமாக நூலகங்களை, அதாவது நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளை, வைத்திருந்த காலம். ஒருமுறை கம்பைல் செய்த நிரல் எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓட வேண்டும் என்பதுதான் குறி. இதை, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான இன்னொரு தரமான போசிக்ஸோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. போசிக்ஸ் மூல நிரலுக்கான ஒப்பந்தம். ஓட்ட வேண்டிய ஒவ்வொரு கணினியிலும் போய் மறுபடி கம்பைல் செய்துகொள்ள வேண்டும். எல்எஸ்பியோ பைனரிக்கானது, அதாவது கம்பைல் செய்து முடித்த நிரலுக்கானது. எந்த நூலகம், அதில் எந்தெந்த ஃபங்க்‌ஷன், நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர் எந்தப் பாதையில் என்பது வரை சொல்லிவிடும். ‘போசிக்ஸ்படிதானே எழுதியிருக்கிறேன், எங்கும் ஓடும்’ என்று பைனரியைக் கொடுத்தனுப்பினால் அடி விழுவது நிச்சயம்.

எப்படி விழும் என்று பார்க்கலாம். உபுண்டு 22.04இல் வெறும் ‘ஹலோ வேர்ல்ட்’ நிரலைச் சி மொழியில் எழுதி, சாதாரணமாகக் கம்பைல் செய்து, 20.04இல் ஓட்டிப் பாருங்கள். ‘ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும். ஜிலிப்சி என்பது பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நூலகம். நீங்கள் புது வசதி எதையும் தொடவில்லை. ஆனால் மெயினை அழைக்கும் தொடக்க ஃபங்க்‌ஷனுக்கே ஜிலிப்சி 2.34இல் புதிய பதிப்பு முத்திரை குத்தப்பட்டது. 22.04இல் இருப்பது 2.35, 20.04இல் இருப்பது 2.31. பழைய பைனரி புதிய ஜிலிப்சியில் ஓடும். புதியது பழையதில் ஓடாது. இந்த ஒருவழிப் பாதையை மறப்பதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எல்எஸ்பி இதற்கு ஒரு தனி கம்பைலர் உறையே வைத்திருந்தது. தரத்தில் உள்ள ஃபங்க்‌ஷன்களை மட்டும் காட்டும் போலி நூலகங்களோடு அது நிரலை இணைக்கும். இப்போது அந்த வேலையை நாமே செய்ய வேண்டும்: வாடிக்கையாளர்களிடம் இருப்பதிலேயே பழைய டிஸ்ட்ரோ எதுவோ, அதன் கண்டெய்னருக்குள் (கணினிக்குள் தனித்து இயங்கும் சிறு சூழல்) வைத்துக் கம்பைல் செய்யுங்கள். பைத்தான் பேக்கேஜ்களின் பைனரிகள் பல டிஸ்ட்ரோக்களில் ஓடுவதற்கென வகுத்த மெனிலினக்ஸ் தரமும் இதே யோசனைதான். அதன் 2014 வகை ஜிலிப்சி 2.17ஐ அடிமட்டமாக வைத்துக்கொள்கிறது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பழைய பிரிண்டர் டிரைவர் ஒன்றை ஓட்டினால் ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்கிறது. எல்எஸ் போட்டுப் பார்த்தால் ஃபைல் கண்முன்னே இருக்கிறது! இல்லாதது டிரைவர் அல்ல, அது தேடும் லோடர். எல்எஸ்பிக்காகக் கட்டிய பைனரிகள் வழக்கமான லோடரைக் கேட்காமல் ‘எல்டி-எல்எஸ்பி’ என்று தொடங்கும் தனிப் பெயரைக் கேட்கும். பர்மிஷனை மாற்றுவது, மறுபடி டவுன்லோடு செய்வது எல்லாம் நேர விரயம். ரீட்எல்ஃப் கருவியில் ‘-எல்’ கொடுத்து எந்த லோடரைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பெயரில் வழக்கமான லோடருக்கு ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி ஃபைல்) போட்டால் பல நேரம் ஓடிவிடும். ஆனால் அடுத்து பழைய நூலகம் ஒன்றைக் கேட்டு நிற்கவும் கூடும்.

இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒன்று. டிஸ்ட்ரோவின் செல்லப்பெயரை எல்எஸ்பி_ரிலீஸிடம் கேட்டு ரெப்பாசிட்டரி முகவரியில் ஒட்டும் பழக்கத்தை விடுங்கள். லினக்ஸ் மின்ட் 21.1இல் அது ‘வேரா’ என்று சொல்லும். உபுண்டுவுக்கான சர்வரில் வேரா என்று எதுவும் கிடையாது, அங்கே இருப்பது ‘ஜாமி’, மின்ட் 21.1 எதன் மேல் கட்டப்பட்டதோ அந்த உபுண்டு 22.04இன் செல்லப்பெயர். சிறிய கண்டெய்னர் இமேஜ்களில் அந்தக் கட்டளையே இருக்காது. இடிசி அடைவில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைப் படியுங்கள், மின்டில் ஜாமி என்ற பெயரும் அதிலேயே கிடைக்கும். பதிப்பு எண் மட்டும் எப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். டெபியன் டெஸ்டிங்கில் இருக்காது.

தரம் ஏன் தேய்ந்தது? ரெட்ஹாட்டின் பேக்கேஜ் வடிவமான ஆர்பிஎம்மைத் திணித்ததால் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. பேக்கேஜ் ஆர்பிஎம் வடிவில் இருக்க வேண்டும் என்றது தரம், டிஸ்ட்ரோவே ஆர்பிஎம்மில் ஓட வேண்டும் என்று சொல்லவில்லை; டெபியன், ஆர்பிஎம்மைத் தன் வடிவுக்கு மாற்றும் ஏலியன் கருவியை வைத்துச் சமாளித்தது. பெரிய குறை, பயன்படுத்த ஆள் இல்லாததுதான். 2006இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது, 5.0 பதிப்பு 2015 ஜூனில் வந்தது. அதே ஆண்டு டெபியன் கைவிட்டது. அப்போது சான்று பெற்ற பட்டியலில் இருந்தவை 6 நிறுவனங்களின் 8 மென்பொருள்கள். ஆகவே, தேவைப் பட்டியலில் ‘எல்எஸ்பி இணக்கம்’ என்று எழுதுவதைவிட, எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு, குறைந்தபட்ச ஜிலிப்சி எது என்று எழுதுவது மேல்.

அதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடவும் முடியாது. சேவையின் (பின்னணியில் ஓடும் நிரலின்) நிலையைச் சொல்லும் எக்ஸிட் கோடுகள், அதாவது கட்டளை முடியும்போது தரும் எண்கள், எல்எஸ்பி வகுத்தவை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இன்றும் அவற்றைத்தான் தழுவுகிறது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் 3 தந்தால் சேவை ஓடவில்லை. 4 தந்தால் அப்படி ஒரு சேவையே இல்லை. பூஜ்யம் அல்லாத எல்லாவற்றையும் ‘சேவை நின்றுவிட்டது, ரீஸ்டார்ட் செய்’ என்று எடுத்துக்கொள்ளும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட், பெயரில் ஓர் எழுத்து தவறினால்கூட இல்லாத சேவையை விடிய விடிய எழுப்பிக்கொண்டிருக்கும்.